ஸ்பெயினின் அல்புஹாரா மலைக்கிராமங்களில் கூரை ஏன் தட்டையாக இருக்கிறது?

சியரா நெவாடா மலைத்தொடரின் தென்சரிவில், சுமார் 1,430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இந்தக் கிராமங்களில் ஒன்றான கப்பிலெய்ரா. பனி பெய்யும் ஊர்தான்; ஆனாலும் கூரைகள் தட்டை. காரணம் 'லவுனா' என்ற சாம்பல்நிறக் களிமண். பழைய வீடுகளில் மர உத்திரம், மேலே பலகைக்கல், அப்புறம் இந்த மண்ணைப் பரப்பியிருப்பார்கள். மழைக்காலத்தில் மரக்கதவு ஊறி நிலையோடு இறுகிக்கொள்ளுமே, அதுபோல ஈரம் பட்டதும் மண் இறுகி நீரைத் தடுத்துவிடும்.

வீடுகள் சரிவில் படிப்படியாக இருப்பதால், மேல்தெருவில் நடக்கும்போது கீழ்வீட்டுக் கூரை உங்கள் காலடி மட்டத்துக்கே வந்துவிடும். கல்தொப்பி வைத்த வெள்ளைப் புகைபோக்கியைக் கிட்டத்தில் பார்க்க அவ்வளவு அழகு! அத்திப்பழமும் மிளகாயும் காயவைப்பதும் அங்கேதான்.

பார்வைக்குச் சிமென்ட் தளம் மாதிரி தெரியும். அது வெறும் மண், படமெடுக்க ஏறி நிற்காதீர்கள்.