பக்கத்து மில்லை வாங்கலாமா?

கேள்வி: நாற்பது வருடமாக ஒரே நூல் மில்லை ஓட்டி வருகிறேன். பக்கத்தில் இரண்டு மில் விலைக்கு வந்திருக்கிறது. “புதுசாகக் கட்டினால் வருஷக்கணக்காகும், கடன் வாங்கியாவது இதை முடித்துவிடலாம்” என்கிறான் மகன். தங்கள் கருத்து?
- ஒரு வாசகர், ராஜபாளையம்

பதில்: மகன் சொல்லும் கணக்கில் தப்பில்லை. இதே கணக்கைத்தான் உங்கள் பக்கத்து மாவட்டக் கம்பெனி ஒன்று போட்டது. திருநெல்வேலி தாழையூத்தில் தொடங்கிய இந்தியா சிமென்ட்ஸைச் சொல்கிறேன்.

சிமென்டில் ஆலையைவிடப் பெரிய சொத்து சுண்ணாம்புக்கல் சுரங்கம். அதற்கு அனுமதி வாங்கி, உலை கட்டி, முதல் மூட்டை வெளியே வருவதற்குள் தலை நரைத்துவிடும். ஓடுகிற ஆலையை வாங்கினால் சுரங்கம், டீலர், பெயர் எல்லாம் ஒரே கையெழுத்தில் வந்துவிடும். இந்தியா சிமென்ட்ஸை நடத்திய என். சீனிவாசன் அப்படித்தான் ஆந்திரப் பக்கம் ஒவ்வொன்றாக வாங்கினார். 1990-ல் கோரமண்டலின் சிலம்கூர் ஆலை, 1998-ல் ராசி சிமென்ட். ராசியை வளர்த்த பி.வி. ராஜு லேசில் விடவில்லை. பங்குக்கு 300 ரூபாய் தருகிறேன் என்று சீனிவாசன் ஊரறிய அறிவித்த பிறகு பெரிய மல்லுக்கட்டே நடந்தது. கடைசியில் ராஜு தன்னிடமிருந்த சுமார் 32 சதவீதத்தை விற்றுவிட்டு ஒதுங்கினார். அதன் பிறகு சங்கர், கோரமண்டல், ராசி என்று மூன்று பெயரில் மூட்டை வரும், முதலாளி ஒருவர்தான்.

வாங்கியது கடனில். கொஞ்ச நாளிலேயே சிமென்ட் விலை சரிந்தது. விலை இறங்கினால் வட்டியும் கூடவே இறங்குமா என்ன? 2000-களின் தொடக்கத்தில் கடனைச் சீரமைத்துத் தரச் சொல்லி கடன் கொடுத்தவர்களிடம் போய் நிற்கவேண்டி வந்தது. பிறகு எழுந்தார்கள், நல்ல வருடங்களும் பார்த்தார்கள். ஆனால் 2024-ல் கம்பெனியைக் கையில் வைத்திருந்த புரமோட்டர் தரப்பு 32.72 சதவீதப் பங்கை, பங்கு 390 ரூபாய்க்கு, அல்ட்ராடெக் என்ற பெரிய சிமென்ட் கம்பெனிக்கு விற்றது. ராஜு விட்டுக்கொடுத்த அதே அளவு! (2008-ல் இந்தியா சிமென்ட்ஸ் வாங்கிய கிரிக்கெட் டீமை முன்பே தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டதால் சூப்பர் கிங்ஸ் இந்த விற்பனையில் போகவில்லை.)

எல்லாவற்றுக்கும் 1998-தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். நிலக்கரி விலை, போட்டி என்று நடுவில் எத்தனையோ. உங்கள் தொழிலில் சிமென்ட் விலைக்குப் பதில் பஞ்சு விலை, அவ்வளவுதான். ஆகவே மகனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: நூல் தேங்கி, பாதி ஷிப்ட் நிற்கிற வருடத்தில், பழைய மில் வருமானத்தை வைத்தே புதுக் கடனின் தவணையைக் கட்ட முடியுமா? முடியாது என்றால் ஒரு மில்லை மட்டும் வாங்குவதோடு நிறுத்துங்கள். இரண்டையும் ஒரே வருடத்தில் வாங்குகிற பேச்சே வேண்டாம்.

முடியும் என்றால், விற்கிறவர் காட்டுகிற பாலன்ஸ் ஷீட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த மில்லின் மூன்று வருட ஈ.பி. பில்லைக் கேட்டு வாங்குங்கள். நிஜமாக எத்தனை ஷிப்ட் ஓடியது என்பது அதில் தெரிந்துவிடும்.