பிரேக் விளக்கு எரியும் பழைய ஹைபிரிட்: விற்றவரிடம் நட்டஈடு கேட்கலாமா?

கேள்வி: பத்து வாரங்களுக்கு முன் குருநாகலில் ஒரு கார் சேலில் 2011ஆம் ஆண்டு டொயோட்டா பிரியஸ் ஒன்றை முழுக் காசும் கொடுத்து வாங்கினேன். 'ஒரு குறையும் இல்லை' என்று வட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்கள். மூன்றாம் வாரம் மஞ்சள் பிரேக் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் எரிந்தன. வவுனியாவில் ஒரு கராஜில் இரண்டு தரம் ஸ்கேன் போட்டுக் கோளாறுக் குறியீடுகளை அழித்தார்கள், பிரேக் பாட் மாற்றினார்கள். பிறகு சிவப்பு விளக்கும் எரிந்து பீப் சத்தமும் வர, 185,000 ரூபாவுக்கு ஒரு பாவித்த பிரேக் பூஸ்டர் பூட்டினார்கள். ஒன்பதாம் நாள் எல்லா விளக்கும் திரும்ப எரிகிறது. 'பம்பும் மாற்ற வேண்டும்' என்கிறார் கராஜ்காரர். 'பழைய கார், பார்த்துத்தானே எடுத்தீர்கள்' என்கிறார் விற்றவர். பில்லில் 'உள்ளபடியே விற்கப்பட்டது' என்று இருக்கிறது. யாரிடம் கேட்பது? அதுவரை காரை ஓட்டலாமா?

பதில்: ஓட்ட வேண்டாம். பம்பையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். இனி யார் ஸ்கேன் போட்டாலும் எதையும் அழிக்க விடாதீர்கள். உங்கள் வழக்கின் பலம் முழுவதும் அந்த பிரேக் கணினியின் நினைவகத்தில்தான் இருக்கிறது. அதில் பாதியை ஏற்கெனவே அழித்துவிட்டார்கள்.

இந்த மாடலில் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் சட்டம் எங்கே பிடிக்கும் என்பது விளங்கும். சாதாரண கார்களில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் எஞ்சினிலிருந்து வரும். பிரியஸில் எஞ்சின் அடிக்கடி நின்றுவிடுவதால் அந்த வழி இல்லை. ஒரு மின் பம்ப் பிரேக் ஒயிலை அழுத்தி, நைதரசன் நிரப்பிய அக்குமுலேற்றரில் சேமித்து வைக்கும். மாஸ்ரர் சிலிண்டர், வால்வுகள், கணினி எல்லாம் சேர்ந்த பூஸ்டர் தொகுதி அந்த அழுத்தத்தை எடுத்துச் சக்கரங்களுக்கு அனுப்பும். வயது போன கார்களில் பெரும்பாலும் இந்தத் தொகுதிக்குள்ளேதான் கசிவு தொடங்குகிறது. ஒயில் வெளியே சொட்டாது, உள்ளேயே தாங்கிக்குத் திரும்பிவிடும். அழுத்தம் இறங்க இறங்கப் பம்ப் ஓய்வில்லாமல் ஓடும், கடைசியில் அதுவும் தேய்ந்துபோகும். ஆகவே 'பம்பும் மாற்ற வேண்டும்' என்று கராஜ்காரர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதை 185,000 வாங்குவதற்கு முன் சோதித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நீங்களே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கார் நின்ற இடத்திலேயே 'ரெடி' நிலைக்குக் கொண்டுவந்து, கியரை 'பி'யில் வைத்து, பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். முன்பக்கம் 'ர்ர்ர்' என்று பம்ப் ஓடி அடங்கும். நல்ல காரில் அதன்பின் நீங்கள் பெடலைச் சில தடவை மிதித்தால்தான் அது மறுபடி ஓடும். யாரும் தொடாமலே ஒரு நிமிடத்துக்குள் திரும்பத் திரும்ப ஓடினால் உள்கசிவு என்று சந்தேகிக்கலாம். டாஷ்போர்டும் மீற்றரும் தெரியும்படி, சத்தமும் கேட்கும்படி ஐந்து நிமிட வீடியோ ஒன்று எடுத்து வையுங்கள்.

அடுத்தது ஸ்கேன். காரின் கணினியை வாசிக்கும் மலிவான ஓபிடி கருவிகளில் பல எஞ்சின் குறியீடுகளை மட்டுமே வாசிக்கும். உங்களுக்கு வேண்டியவை 'சி' என்று தொடங்கும் பிரேக் குறியீடுகள். ஏபிஎஸ் பகுதியை வாசிக்கும் கருவி உள்ள, இதுவரை இந்தக் காரில் கை வைக்காத வேறொரு கராஜுக்குக் காரை ஏற்றிக்கொண்டு போங்கள், ஓட்டிக்கொண்டு அல்ல. சி1391 என்றால் அக்குமுலேற்றர் அழுத்தம் கசிகிறது. சி1256 என்றால் அழுத்தம் குறைவு. சி1252 என்றால் பம்ப் மோட்டர் அளவுக்கு மீறி நேரம் ஓடுகிறது. சி1253 என்றால் பம்பின் ரிலேயில் கோளாறு. சி1241 மட்டும் வந்தால் மின்னழுத்தக் குறைவு. அதற்குப் பின்பக்கத்தில் இருக்கும் 12 வோல்ட் பற்றரியை முதலில் பாருங்கள். வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். 12க்குக் கீழே போனால் அந்தப் பற்றரி ஒன்றே எல்லா விளக்கையும் ஏற்றிவிடக்கூடும். சி1345 வந்தால், புதிதாகப் பூட்டிய தொகுதிக்கு ஸ்கேனரால் செய்ய வேண்டிய வால்வுக் கற்பித்தலை (வால்வுகளின் அளவைக் கணினிக்குப் பழக்கும் வேலையை) செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அது முழுக்க கராஜின் குறை. பீ0ஏ80 என்று வந்தால் அது ஹைபிரிட் பற்றரி சங்கதி. அதை இந்தப் பிரேக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குறியீட்டோடு 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பதிவையும் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். கோளாறு பதிவானபோது இருந்த வேகம், அதற்குப் பின் எத்தனை தடவை கார் ஸ்டார்ட் செய்யப்பட்டது போன்ற விவரங்கள் அதில் இருக்கும். முதல் தடவை அழிப்பதற்கு முன் இதை எடுத்திருந்தால், நீங்கள் வாங்குவதற்கு முன்பே கோளாறு இருந்ததா என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். அந்தக் கராஜின் ஸ்கேனரில் பழைய அறிக்கைகள் சேமிப்பில் இருக்கக்கூடும். இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். புதிய அறிக்கையில் செஸி இலக்கம், திகதி, மீற்றர் வாசிப்பு, சோதித்தவரின் கையொப்பம் நான்கும் இருக்கட்டும். கழற்றிய பழைய பூஸ்டரையும் திருப்பிக் கேளுங்கள், அது உங்கள் சொத்து.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ (வாயால் சொல்லாமலே விளங்கும்படி) தந்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளை விற்றால் அதிகார சபையிடம் முறையிடலாம். விசாரித்தபின் நட்டஈடு கொடுக்கவும், பொருளை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும் அது கட்டளையிடலாம். கொடுக்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தின் ஊடாக அறவிட வழியுண்டு. ஆனால் முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். உங்களுக்குப் பத்து வாரம் போய்விட்டது. மீதி சுமார் மூன்று வாரம்தான். பலர் விற்றவரோடு தொலைபேசியில் பேசிப் பேசியே இந்தத் தவணையைக் கோட்டை விடுகிறார்கள். 'அடுத்த கிழமை பார்ப்போம்' என்று சில வியாபாரிகள் இழுப்பதும் இந்தக் கணக்குத் தெரிந்துதான்.

அதே சட்டத்தின் 30ஆம், 31ஆம் பிரிவுகள் வியாபாரி ஏமாற்றும் வகையில் நடப்பதையும் பொய்யான உறுதிமொழி தருவதையும் தடுக்கின்றன. 'ஒரு குறையும் இல்லை' என்ற வட்ஸ்அப் செய்தி இங்கேதான் உதவும். ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதாது. இலக்கமும் திகதியும் தெரியும்படி உரையாடல் முழுவதையும் சேமித்து, அந்தத் தொலைபேசியையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

'உள்ளபடியே' என்ற வாசகம் எவ்வளவு தூரம் விற்றவரைக் காப்பாற்றும்? 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், அந்த வகைப் பொருளை வியாபாரமாக விற்பவர் விபரித்து விற்கும் பொருள் விற்பனைக்கேற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தானாகவே ஒப்பந்தத்தில் சேர்க்கிறது. அதை ஒப்பந்தத்தால் விலக்கிக்கொள்ளவும் அதே சட்டம் இடம் தருகிறது. வாங்குபவர் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கும் பாதுகாப்பு இல்லை. ஆகவே அந்த ஒற்றை வரியை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் குறை இருப்பது தெரிந்தும் குறியீட்டை அழித்து விளக்கை அணைத்து விற்றிருந்தால் அது மோசடி. மோசடியை 'உள்ளபடியே' என்று எழுதி மறைக்க முடியாது. அழித்த குறியீட்டைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. தனிப்பட்ட ஒருவரிடம் வாங்கியிருந்தால் உங்கள் நிலை இதைவிட நிறையப் பலவீனம்.

காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் வாங்கலாமா என்றால், நீதிமன்றத்தில் அது கடினம். பத்து வாரம் பாவித்து, பாகமும் மாற்றியபின் பொருளை ஏற்றுக்கொண்டதாகவே கொள்வார்கள். பழுதுபார்ப்புச் செலவையோ, குறையோடு கூடிய காரின் பெறுமதி வித்தியாசத்தையோ நட்டஈடாகக் கேட்பதே நடக்கக்கூடியது. எழுத்து ஒப்பந்தமானால் ஆறு வருடம், எழுத்தில்லாவிட்டால் மூன்று வருடம், மோசடிக்கான நட்டஈட்டுக்கு இரண்டு வருடம் என்பது காலாவதிக் கணக்கு. தொகை சிறிதானால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் காணவில்லை என்ற சான்றிதழோடுதான் வழக்குப் போட முடியும். விற்பனை குருநாகலில் நடந்ததால் வழக்கும் பெரும்பாலும் அங்கேதான் போக வேண்டியிருக்கும். அந்த அலைச்சலை நினைத்தால் அதிகார சபையே முதல் தெரிவு.

கராஜின் விடயம் தனி முறைப்பாடு, அதன் மூன்று மாதமும் தனியாக ஓடுகிறது. சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், பூட்டும் பாகம் அந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்ற உத்தரவாதத்தை அதே பாவனையாளர் சட்டத்தின் 32ஆம் பிரிவு உட்கிடையாகச் சேர்க்கிறது. பாட் மாற்றும்போது பிரேக் கட்டுப்பாட்டை ஸ்கேனரால் நிறுத்தினார்களா? நிறுத்தாவிட்டால் கதவைத் திறந்தாலே பம்ப் ஓடும். பூஸ்டர் பூட்டியபின் பிரேக் குழாய்களிலிருந்து காற்று எடுத்தது ஸ்கேனர் வழியாகவா, பழைய கார்போலப் பெடலை மிதித்து மிதித்தா? அந்தப் பாவித்த பூஸ்டர் எந்தக் காரிலிருந்து வந்தது? இவற்றை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்டதற்குச் சான்று இருக்கும். 185,000க்கு விபரமான பற்றுச்சீட்டு தராமல் விட்டிருந்தால் அதையும் இப்போது கேட்டு வாங்குங்கள்.

'ரீகால் இருக்கிறது, இலவசமாகச் செய்வார்கள்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 2010 பெப்ரவரியில் டொயோட்டா திருப்பி அழைத்தது ஏபிஎஸ் மென்பொருளுக்கு. 2013 ஜூனில் அழைத்தது 2009இல் தயாரான கார்களின் அக்குமுலேற்றருக்கு. உங்கள் 2011 வண்டி இரண்டிலும் வராது. இந்த பூஸ்டருக்கும் பம்புக்கும் அமெரிக்காவில் கொடுத்த நீடித்த உத்தரவாதம் அங்கே விற்ற கார்களுக்கு மட்டும். செஸி இலக்கத்தைக் கொடுத்து ஒரு தரம் உறுதிப்படுத்துங்கள், ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

ஓட்ட வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்றால், சிவப்பு விளக்கும் தொடர் பீப்பும் வந்தபின் மிஞ்சுவது உதவியில்லாத பிரேக்தான். முழுப் பலத்தோடு மிதித்தாலும் நிற்கும் தூரம் கூடும். சட்டப் பக்கமும் ஆபத்துதான். கோளாறுள்ள பிரேக்கோடு வீதியில் இறக்குவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றமாகலாம். காரை ஓடத்தக்க நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது காப்புறுதி ஒப்பந்தங்களில் வழமையான நிபந்தனை. நீங்கள் எழுதப்போகும் முறைப்பாடே கோளாறு உங்களுக்குத் தெரியும் என்பதற்குச் சான்று. அந்தத் திகதிக்குப் பின் விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது: புதிய ஸ்கேன் அறிக்கை, வீடியோ, பில்கள், வட்ஸ்அப் பிரதி, பதிவுப் புத்தகப் பிரதி ஆகியவற்றோடு மாவட்டச் செயலகத்தில் உள்ள அதிகார சபை அலுவலகத்தில் விற்றவர்மீது ஒன்று, கராஜ்மீது ஒன்று என இரண்டு முறைப்பாடுகளைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட பிரதி வாங்குங்கள். வழி தெரியாவிட்டால் 1977க்கு அழைத்துக் கேளுங்கள். அதே நாளில் இருவருக்கும் பதிவுத் தபாலில் 14 நாள் தவணையோடு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். அந்த 14 நாள் முடியட்டும் என்று முறைப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். காரை அதிகார சபை பார்க்க விரும்பினால் காட்ட வேண்டும் என்பதால், பூஸ்டரையும் பம்பையும் அதுவரை கழற்ற வேண்டாம். பொறுக்க முடியாமல் பழுதுபார்த்தே ஆக வேண்டுமென்றால், இரு தரப்புக்கும் திகதியையும் இடத்தையும் எழுத்தில் அறிவித்து, அவர்கள் வந்து பார்க்கச் சந்தர்ப்பம் கொடுத்தபின் கழற்றுங்கள்.