செதுக்கு வேலைக்கு நிழல் கொடுப்பது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பழைய தேக்கு நாற்காலியின் முதுகுப் பலகையில் தாமரையும் கொடியும் செதுக்கியிருக்கிறது. க்ரீம் எனாமல் அடித்ததும் பூவெல்லாம் மொழுக்கென்று ஆகிவிட்டது. பள்ளங்களில் கறுப்பு அடித்தால் எடுப்பாகத் தெரியுமா?
– வாசகி, கும்பகோணம்

கறுப்பு வேண்டவே வேண்டாம். க்ரீம் மேல் கறுப்பு போனால் நிழல் மாதிரி இருக்காது, துடைக்காமல் விட்ட அழுக்கு மாதிரி இருக்கும். ஓவியச் சாமான் கடையில் 'ரா அம்பர்' என்ற மண் பழுப்பு நிற ஆயில் கலர் ட்யூப் கேளுங்கள். கொஞ்சம் பிதுக்கி, டர்பென்டைன் விட்டு மோர் பதத்துக்குக் கரைத்து, ஒரு சமயத்தில் ஒரு பூ என்று பிரஷ்ஷால் பள்ளத்துக்குள் நன்றாக இறக்குங்கள். சில நிமிடம் கழித்து பனியன் துணியை விரலில் இறுக்கமாகச் சுற்றி மேட்டை மட்டும் துடைக்க வேண்டும், துணியைத் தொளதொளவென்று பிடித்தால் அது பள்ளத்துக்குள்ளும் நுழைந்து போட்ட நிழலை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிடும். எனாமல் அடித்து ஒரு வாரமாவது ஆகியிருக்கட்டும், இல்லாவிட்டால் டர்பென்டைன் அதையும் கரைத்துவிடும்.

அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் மற்ற ஆயில் கலர்களைவிடச் சீக்கிரம் காயும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஒளி கொடுக்கும் வேலை. அதே க்ரீமில் வெள்ளையும் ஒரு துளி மஞ்சளும் கலந்து, தட்டை பிரஷ்ஷின் நுனியில் தொட்டு, பழைய செய்தித்தாளில் தேய்த்துக்கொண்டே இருங்கள். பிரஷ்ஷில் பெயிண்டே இல்லை போலிருக்கிறதே என்று தோன்றும்போது எடுத்து, செதுக்கலுக்குக் குறுக்கே லேசாக இழுத்தால் இதழ் நுனியிலும் கொடியின் முதுகிலும் மட்டும் ஒட்டும். வெளிச்சம் மேலேயிருந்து வருவதாக வைத்துக்கொண்டு இதழின் மேல் விளிம்புக்கு மட்டும் கொடுங்கள். எல்லா விளிம்புக்கும் கொடுத்தால் பழையபடி மொழுக்கென்றுதான் நிற்கும். தங்க கலர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கை அரிக்கும் என்று தெரியும். பூவின் நடுவில் ஒரு தொடு, அவ்வளவுதான்!

கேள்வி: தாத்தா காலத்துப் பச்சைப் பெயிண்ட் அடித்த அலமாரி. செதுக்கல் உள்ள இடங்களில் உப்புத்தாள் போட்டுச் சுரண்டலாமா?
– வாசகர், தேவகோட்டை

வறட்டுத் தேய்ப்பு கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம்; வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அந்தத் தூசி குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல். காற்றோட்டமான இடத்தில் பெயிண்ட் ரிமூவர் போட்டு ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் பள்ளங்களைக் கிண்டுங்கள், இரும்பு முனை செதுக்கலைக் கீறிவிடும். மிச்சத்துக்கு வாட்டர் பேப்பரை (தண்ணீர் தாங்கும் உப்புத்தாள்) நனைத்துத் தேய்க்கலாம்.

கேள்வி: பாட்டியின் ஈட்டி மரக் கட்டிலை வெள்ளையடிக்கச் சொல்கிறான் மகன்.
– வாசகி, மதுரை

அவனை வேறு கட்டில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஈட்டியில் உள்ள எண்ணெய்ச் சத்து ஆயில் பெயிண்டைச் சரியாகக் காயவும் விடாது. செதுக்கல் எடுப்பாகத் தெரியவேண்டும் என்றால் அடர்பழுப்பு மெழுகு பாலிஷைப் பள்ளத்தில் தடவி, மேட்டைப் பளபளவென்று துடைத்துவிடுங்கள், போதும்.