வாசகர் கேள்வி – பதில்: தீவில் கூடாரம் அடிக்கும் முன்

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். வரும் பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் அந்தமான் சென்று, ஆள் இல்லாத தீவு ஒன்றில் இரண்டு இரவுகள் கூடாரம் அடித்துத் தங்க விரும்புகிறோம். எங்களில் மூவர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள்; கடல் எங்களுக்குப் புதிதல்ல. எந்தத் தீவுக்குப் போகலாம், என்னென்ன ஏற்பாடு வேண்டும்? – வாசகர், காசிமேடு

பதில்: பிப்ரவரி நல்ல தேர்வு. வங்கக் கடலில் புயல் உருவாகும் மாதங்கள் கழிந்து, மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை அங்கே தொடங்குவதற்கு முன் கிடைக்கும் அமைதியான காலம் அது. ஆனால், 'ஆள் இல்லாத தீவு' என்ற எண்ணத்தைக் கைவிடுமாறு உரிமையுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தமான் நிக்கோபாரில் தீவும் திட்டும் பாறையுமாக 836 இருப்பதாகக் கணக்கு. அவற்றில் மக்கள் வாழ்பவை மிகச் சில. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை காப்புக்காடாகவோ, தேசியப் பூங்காவாகவோ, பழங்குடியினருக்கென ஒதுக்கிய பகுதியாகவோ இருக்கின்றன. வண்டூரில் உள்ள மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்த ஜாலி பாய் தீவுக்குக்கூடப் பகலில் போய்த் திரும்பலாமே தவிர, இரவு தங்க முடியாது.

பழங்குடியினர் பகுதிகளைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி, அனுமதியின்றி அங்கே நுழைவது குற்றம். 2018இல் வடக்கு சென்டினல் தீவுக்குத் திருட்டுத்தனமாகச் சென்ற அமெரிக்கர் ஒருவர் உயிரிழந்தபோது, அவரைப் படகில் கொண்டுபோய் விட்ட மீனவர்களும் கைது செய்யப்பட்டார்கள். வெளியாரின் சாதாரணச் சளி, காய்ச்சல்கூட அம்மக்களின் உயிருக்கு உலை வைக்கும் என்பதால், அவர்களை அவர்கள் போக்கில் விடுவதே நாம் காட்டக்கூடிய மரியாதை.

எனவே மக்கள் வாழும் தீவொன்றில், ஊரை ஒட்டிய கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள். ரங்கத் பக்கத்திலிருந்து படகில் செல்லக்கூடிய லாங் ஐலண்டு கூட்டம் குறைந்தது, அழகானது. அங்குள்ள லாலாஜி விரிகுடாவுக்குக் காட்டு வழியாக நடந்தும் போகலாம். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியுள்ள போர்ட் பிளேரில் இறங்கியதும் வனத்துறை, சுற்றுலாத் துறை அலுவலகங்களுக்குச் சென்று, எங்கே கூடாரம் அடிக்க அனுமதி உண்டு என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். படகுக்காரர் 'பரவாயில்லை' என்று சொல்வது அனுமதி ஆகாது.

அடுத்தது, நீங்கள் பெருமையோடு குறிப்பிட்ட கடல் பழக்கம். அது பெரிய துணைதான். ஆயினும் காசிமேட்டுக் கரையை வைத்து அந்தமான் கரையை அளக்காதீர்கள். சென்னையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூடக் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அங்கே அது இரண்டு மீட்டர் வரை போகும். சரிவு குறைந்த கரையில் இரண்டு மீட்டர் என்றால், மாலையில் தொலைவில் தெரிந்த தண்ணீர் நள்ளிரவில் படுக்கைக்கே வந்துவிடும். மணலில் காய்ந்த கடற்பாசியும் சுள்ளிகளும் ஒதுங்கிக் கிடக்கும் கோடுகளைப் பாருங்கள். அவற்றில் மிக மேலே உள்ள பழைய கோட்டுக்கும் மேலே கூடாரம் அமைய வேண்டும், தென்னை மரத்தடியில் மட்டும் கூடாது. கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் மணலில் நிற்காது. அரிசிச் சாக்குத் துண்டில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, அதன் நடுவில் கயிற்றை முடிந்து, முழங்கால் ஆழத்தில் புதைத்து மிதித்துவிட்டால் எந்தக் காற்றுக்கும் அசையாது.

தண்ணீரைக் கணக்குப் போட்டே பாருங்கள். அந்த வெக்கையில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 லிட்டர் வேண்டும். ஐந்து பேருக்கு மூன்று நாட்களுக்கு 90 லிட்டர், படகு வராமல் போனால் இன்னொரு நாளுக்கு 30 லிட்டர். நம் வீடுகளுக்கு வரும் 20 லிட்டர் கேனில் ஆறு. எடை 120 கிலோ. ஊர்க்கிணற்றுக்கு அருகில் தங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒன்றே போதும்.

கேள்வி: அந்தமான் வரை போவானேன்? ராமேஸ்வரம் அருகிலுள்ள தீவுகளில் தங்கக் கூடாதா? – வாசகர், திருவொற்றியூர்

பதில்: கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுபவை. குருசடைத் தீவுக்கு வனத்துறை ஏற்பாட்டில் பகலில் சென்று வரலாம்.

கேள்வி: ஏப்ரல் விடுமுறையில் பன்னிரண்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு அந்தமானில் கூடாரத்தில் தங்க நினைக்கிறோம். அச்சப்பட வேண்டியது எது? – வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முதலாவது உவர்நீர் முதலை. அது கடலிலும் நீந்தும். சதுப்புக் காடும் ஓடை முகத்துவாரமும் அதன் இருப்பிடம். ஆகவே அவற்றுக்கு அருகில் தங்க வேண்டாம். எச்சரிக்கைப் பலகை இருக்கும் கரையில் கால் நனைக்கவும் வேண்டாம், மீன் கழிவையும் எச்சில் தட்டையும் நீரோரத்தில் கழுவவும் வேண்டாம். தீவுகள் நமக்குக் கிழக்கே வெகுதூரம் இருப்பதால், கடிகாரம் ஒன்றேயானாலும் சூரியன் அங்கே ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாக மறைகிறது. சமையலையும் குளியலையும் மாலை ஐந்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

அன்றாடத் தொல்லை என்றால் மணல் ஈக்கள்தாம். விடியலிலும் அந்தியிலும் முழுக்கைச் சட்டை அணிவித்து, கால்களில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கடித்த இடத்தைச் சொறிந்தால் புண்ணாகும். சமையல் எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தை ஆசைப்பட்டாலும் சங்கையும் பவளத் துண்டையும் பையில் போட வேண்டாம். விமான நிலையச் சோதனையில் அவை பிடிபடும்.

தங்குமிடத்திலிருந்து அருகிலுள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கிடையே ஓடும் படகுகளை நிறுத்திவிடுவார்கள். எனவே ஸ்ரீ விஜயபுரத்துக்குத் திரும்பும் நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் இடையில் இரண்டு நாளாவது விட்டு, ஏப்ரல் முடிவதற்குள் சென்னைக்கு வந்துவிடும்படி பயணச்சீட்டு எடுங்கள்.