பெயர் மறப்பது இருக்கட்டும் டீச்சர், அந்தப் பத்து நிமிடம் என்ன?

பெயர்கள் நினைவுக்கு வராமல் தவிப்பதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, பின்குறிப்பில் ஒரே வரியாக, "மூன்று வாரத்துக்கு முன் பால்காரரிடம் கணக்குப் பேசும்போது பத்து நிமிடம் வாய் குழறி ஏதேதோ வார்த்தை வந்தது, வலது கையும் மரத்தது, காபி குடித்ததும் சரியாகிவிட்டது" என்று போட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அது வயதால் வந்ததில்லை. உங்கள் மகன் சொன்ன வாயுக்கோளாறும் இல்லை. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதுதான், ஆனால் வேறு காரணம் நிரூபணமாகும்வரை அதை டி.ஐ.ஏ. என்றே எடுத்துக்கொள்வேன். மினி ஸ்ட்ரோக் என்பார்களே, அதுதான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் சற்று நேரம் அடைப்பு ஏற்பட்டுத் தானே விலகிவிடும். வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பேச்சு இடது மூளையில் இருக்கிறது, வலது கையை ஆட்டுவதும் அதே இடது மூளைதான். இரண்டும் ஒரே நேரத்தில் மக்கர் செய்தால் சந்தேகம் நேராக இடது பக்க ரத்த ஓட்டத்தின் மேல்தான் விழும். பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து முதல் இரண்டு நாளில் மிக அதிகம், அதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள், ஆனால் அடுத்த சில மாதங்களுக்கும் அது முழுதாகப் போய்விடாது. அதனால் நாளைக்கே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். எம்.ஆர்.ஐ., கழுத்து ரத்தக்குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன், இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று ஈ.சி.ஜி., சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்ப்பார்கள். பிரஷர் நார்மலாகிவிட்டது என்று மாத்திரையை நீங்களே பாதியாக்கியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நார்மலாக இருந்ததே அந்த மாத்திரையால்தானே!

மறுபடி அப்படி வந்தால், சரியாகிறதா என்று காத்திருக்க வேண்டாம், காபியும் வேண்டாம். வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வீட்டில் இருக்கிறதே என்று யாராவது ஆஸ்பிரினை நீட்டினால் வாங்காதீர்கள். அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் யாருக்கும் தெரியாது.

சரி, இப்போது அந்த இரண்டு பக்கத்துக்கு வருகிறேன். அதில் உள்ள பயம் ஒன்றுதான்: அம்மா கடைசிக் காலத்தில் உங்களையே அடையாளம் தெரியாமல் இருந்தார், அது உங்களுக்கும் தொடங்கிவிட்டதோ என்பது. நீங்கள் எழுதியிருப்பதில் அதற்கான அறிகுறி எதையும் நான் பார்க்கவில்லை. பழைய மாணவன் வந்து நிற்கிறான், எந்த பெஞ்ச், அப்பா என்ன வேலை, எதில் பெயில் ஆனான் எல்லாம் ஞாபகம் இருக்கிறது, பெயர் மட்டும் வரவில்லை, அவன் போன பிறகு குளிக்கும்போது வருகிறது. அறுபதைத் தாண்டிய பலருக்கும் இதே கதைதான். அர்த்தம் பத்திரமாக இருக்கிறது, அதிலிருந்து ஒலிக்குப் போகும் இணைப்புதான் வலுக் குறைகிறது. ஆட்பெயர்கள் முதலில் அடிவாங்குவதற்கும் காரணம் உண்டு. கரண்டி என்ற சொல்லுக்கு அடுப்படி, குழம்பு, அள்ளுவது என்று போய்ச்சேரப் பல வழி, செந்தில் என்ற பெயருக்கும் அந்தப் பையனின் முகத்துக்கும் நடுவில் ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை. பேரனை மகன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதெல்லாம் ஒரு வியாதியே இல்லை.

இளவயதில் சொல்லைத் தேடும்போது பெரும்பாலும் இடது முன்மூளைதான் உழைக்கும். வயதாக ஆக வலது பக்கமும் கூடச் சேர்வதை ஸ்கேன்களில் பார்க்கிறோம். இப்படி இரு பக்க வேறுபாடு குறைவதை மூளை ஆராய்ச்சியாளர் ராபர்டோ கபேசா 2002-ல் ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார். வலது பக்கம் கைகொடுக்கிறதா, அல்லது மூளையின் பழைய வேலைப் பிரிவினை தளர்ந்துபோனதன் அடையாளமா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஆளுக்கும் வேலைக்கும் ஏற்ப இரண்டுமே இருக்கலாம் என்பது என் எண்ணம். எப்படியிருந்தாலும் இது பல வருடங்களில் மெல்ல நடப்பது, ஒரு காலையில் பத்து நிமிடம் வந்துவிட்டுப் போகாது. சொல்வளமோ அறுபதுக்குப் பிறகும் பலருக்குக் கூடத்தான் செய்கிறது, உங்கள் கடிதத் தமிழே சாட்சி.

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே "கரண்டி என்றால் என்ன?" என்று ஒருவர் கேட்டால், அல்லது பேச்சு மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே போனால், அப்போது நான் கவலைப்படுவேன். நீங்கள் இணையத்தில் போட்டுப் பார்த்த பதினைந்து கேள்விப் பரீட்சையில் இதைப் பற்றி ஒன்றுகூட இல்லை. கல்யாண மண்டபத்தில் யார் பேசுவதும் புரியவில்லை என்றீர்களே, அதற்குக் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். மறதி நோய்க்கான அபாயங்களில் கேட்புக் குறைவும் ஒன்று, கையில் எடுத்துச் சரிசெய்யக்கூடியவற்றில் அதுவும் சேர்த்தி. பி12, தைராய்டு பார்ப்பதும் நல்லது.

மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஜிங்கோ மாத்திரையை, ஞாபகசக்திக்கென்று விற்கிறார்களே அந்த மூலிகை மாத்திரையை, இன்றே நிறுத்துங்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்து 2008-ல் முடிவு வெளியானது, மறதி நோயை அது தடுக்கவில்லை. அதோடு, நாளைக்கு மருத்துவர் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எழுதினால் இதுவும் சேர்ந்து ரத்தக்கசிவைக் கூட்டலாம். பாட்டிலைக் கையோடு எடுத்துப்போய் அவரிடம் காட்டுங்கள், வல்லாரை டப்பாவையும் சேர்த்து.