வாசகர் கேள்வி: தொட்டிக் கற்றாழை

கேள்வி: பால்கனியில் பிளாஸ்டிக் தொட்டியில் சோற்றுக்கற்றாழை வைத்திருக்கிறேன். தினமும் ஒரு டம்ளர் தண்ணீர், வாரம் இருமுறை அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றுகிறேன். அடிமடல்கள் மஞ்சளாகி, கொழகொழவென்று சாய்கின்றன. தண்ணீர் போதவில்லையா?
- வாசகி, சேலம்

பதில்: போதாமல் இல்லை, அதிகமாகிவிட்டது. தண்ணீர் போதாத கற்றாழையின் மடல் மெலியும், உட்பக்கம் குழியும். கொழகொழப்பு வந்தால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம்.

வாசலில் திருஷ்டிக்குத் தலைகீழாகக் கட்டுகிறோமே, அந்தக் கற்றாழையைப் பாருங்கள். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. மாதக்கணக்கில் பச்சையாகத் தொங்கும். பகல் வெக்கையில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும் செடி அது. மடலில் சேர்த்த நீர் லேசில் வெளியேறாது. அதற்குத் தினம் ஒரு டம்ளர் ஊற்றினால் மண்ணில் காற்றே இருக்காது. வேர் மூச்சுமுட்டி அழுகும்.

இப்போதே பிடுங்கி மண்ணை உதறுங்கள். நல்ல வேர் வெளிறி, உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்திருக்கும். இழுத்தால் தோல் உருவிக்கொண்டு உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். கெட்டதையெல்லாம் சுத்தமான கத்தியால் வெட்டிவிடுங்கள். தண்டின் வெட்டுவாயில் பழுப்பு தெரிந்தால் அது மறையும்வரை இன்னும் மேலே நறுக்குங்கள். நிழலில் நான்கைந்து நாள் காயப்போட்டு, வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டியபின் நடுங்கள்.

துளையுள்ள 8 அங்குல மண்தொட்டி போதும். செம்மண் 2 பங்கு, மணல் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. ஆற்றுமணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்டைச் சலித்து, தூளைக் கொட்டிவிட்டு, சல்லடையில் நிற்கும் குருணையைச் சேருங்கள்; தூள் கலந்தால் மண் சிமென்ட்போல இறுகிவிடும். தென்னைநார்க் கழிவு வேண்டாம், ஈரத்தை விடாது. நட்டு ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர். அதற்குப் பிறகு விரலை 2 அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டாதபோது மட்டும், அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். கோடையில் இது 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்திவிட்டு மறந்துவிடலாம்.

அரிசி கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள், அது சந்தோஷமாகக் குடிக்கும்.

கேள்வி: மடலை வெட்டி நட்டேன், மூன்று முறையும் அழுகிவிட்டது.
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: நான்காவது முறையும் அழுகும். சோற்றுக்கற்றாழை மடலிலிருந்து துளிர்ப்பது அரிது. தாய்ச்செடியின் அடியில் வரும் பக்கக்கன்று நான்கைந்து மடல் விட்டதும் வேரோடு பிரித்து, இரண்டு நாள் உலரவிட்டு நடுங்கள்.

கேள்வி: மொட்டைமாடிக்கு மாற்றியதும் செடி செம்பழுப்பாகிவிட்டது. நோயா?
- வாசகி, வேலூர்

பதில்: இல்லை, வெயில். நிழலில் வளர்ந்ததைத் திடீரென்று உச்சிவெயிலில் வைத்தால் இப்படித்தான். காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றினால் சில வாரங்களில் பச்சை திரும்பும். அதற்காக அறைக்குள் கொண்டுபோய்விடாதீர்கள். வெளிச்சம் குறைந்தால் மடல் வெளிறி, நீண்டு, தட்டையாகச் சரியும்.

கேள்வி: புதிதாக வெட்டிய மடலைத் தடவினால் முகம் அரிக்கிறது.
- வாசகி, நாகர்கோவில்

பதில்: மடலுக்குள் இருக்கும் வழவழப்பான சோற்றைவிட, தோலுக்கடியில் இருக்கும் மஞ்சள் பால்மேல்தான் முதல் சந்தேகம். அடியில் முற்றிய மடலாக ஒன்றை வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி டம்ளரில் 15 நிமிடம் நிறுத்துங்கள். மஞ்சள் நீர் வடியும். முள் ஓரங்களைச் சீவி, தோலைத் தடிமனாக எடுத்து, சோற்றை ஐந்தாறு தண்ணீரில் அலசுங்கள். முதலில் முழங்கை உள்மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். அங்கும் அரித்தால் கற்றாழையே உங்களுக்கு ஒவ்வாது. அந்த மஞ்சள் பாலைக் காய்ச்சி இறுக்கியதுதான் நாட்டுமருந்துக் கடையில் கரியபோளம் என்று விற்பது. கடுமையான பேதி மருந்து. அதனால் அலசாத சோற்றை ஜூஸில் போடாதீர்கள். கர்ப்பிணிகள் கற்றாழையை உள்ளுக்குச் சாப்பிடவே வேண்டாம்.