ஏலத்துக்கு வரும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்: எது அசல்? கேள்வி பதில்

ஏலக் கேட்டலாகைக் கையில் வைத்துக்கொண்டு பலரும் கேட்ட கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பாதிக்கு மேல் ஜாகுவார் ஈ-டைப் பற்றியவை. அதனால் பதில்களும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.

கேள்வி: சார், 1962 ஈ-டைப் ஒன்றுக்கு 'மேட்சிங் நம்பர்ஸ்' என்று கேட்டலாகில் போட்டிருக்கிறார்கள். அதை நம்பி ஏலம் கேட்கலாமா?

காரில் உள்ள நம்பர்கள் தொழிற்சாலையில் போட்டவையோடு பொருந்துகின்றன என்பதைத்தான் 'மேட்சிங் நம்பர்ஸ்' என்கிறார்கள். எது எதோடு பொருந்துகிறது என்று முதலில் கேளுங்கள். ஈ-டைப்புக்கு நான்கு நம்பர்கள் உண்டு: சேசிஸ், இன்ஜின், பாடி, கியர்பாக்ஸ். நான்கையும் ஜாகுவார் டைம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழோடு ஒப்பிட வேண்டும். தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும் தாள் அது. கார் தயாரான தேதி, வெளிப்புற நிறம், உள்ளே சீட்டின் நிறம், எந்த விநியோகஸ்தருக்குப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்ஜின் அறையில் உள்ள தகட்டோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டு 'பொருந்துகிறது' என்று சொன்னால் அதற்கு மதிப்பே இல்லை. அந்தத் தகடு புதிதாகவே விலைக்குக் கிடைக்கிறது.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஈ-டைப்பில் சேசிஸ் நம்பர் அடித்திருப்பது முன்பக்கக் குழாய் ஃபிரேமில். இன்ஜினைத் தாங்கும் அந்த ஃபிரேம் பாடியோடு போல்ட் போட்டு இணைக்கப்பட்டது. மோதினாலோ துருப்பிடித்தாலோ கழற்றி மாற்றிவிடலாம். புது ஃபிரேம் நம்பர் இல்லாமல் வரும், பழைய நம்பரை அதில் அடித்துக்கொள்வார்கள். நியாயமாக நடந்த ரிப்பேரிலும் இப்படித்தான் செய்வார்கள். ஆக, காரின் அடையாளமே கழற்றி மாட்டக்கூடிய ஒரு உதிரியில்தான் இருக்கிறது. அதனால்தான் ஈ-டைப்பில் சேசிஸ் நம்பரை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது, பாடி நம்பரும் சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டும் என்று விடாமல் சொல்லிவருகிறேன்.

கேள்வி: இன்ஜின் பிளாக்கில் நம்பரை அழித்துவிட்டுப் புதிதாக அடித்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈ-டைப்பில் வரும் ஜாகுவாரின் எக்ஸ்.கே இன்ஜினில் நம்பர் இரண்டு இடத்தில் இருக்கும்: ஆயில் ஃபில்டருக்கு மேலே பிளாக்கின் விளிம்பில், அப்புறம் சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கத்தில். 3.8 லிட்டர் ஈ-டைப் என்றால் நம்பர் 'ஆர்' என்று தொடங்கும், கடைசியில் 8 அல்லது 9 வரும். அது கம்ப்ரெஷன் விகிதம்.

டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நம்பர் இருக்கும் இடம் மட்டும் வழவழவென்று சற்றுப் பள்ளமாக இருந்து, சுற்றியுள்ள வார்ப்பு சொரசொரப்பாக இருந்தால் அங்கே அரம் ஓடியிருக்கிறது. பழைய எண்ணின் சுவடு மங்கலாகத் தெரிவதும் உண்டு. நம்பர் மேல் பெயின்ட் தடிமனாக அப்பியிருந்தால், துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அந்த இன்ஜினை மாற்று இன்ஜினாகவே கணக்கில் வைத்து விலை போடுங்கள். எழுத்தின் வடிவத்தில் சந்தேகம் இருந்தால், அதே மாதம் தயாரான வேறு காரின் நம்பர் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிளப்புகளில் பழைய உறுப்பினர்கள் இந்தப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், கேட்டால் தருவார்கள்.

ஹெட்டில் மட்டும் நம்பர் வேறாக இருந்தால் பதற வேண்டாம். அது அலுமினியம், அரித்துப்போகும், மாற்றியிருப்பார்கள். என்னைக் கேட்டால், 'பிளாக் மாற்றப்பட்டது' என்று எழுதி பில்லையும் வைத்திருக்கும் காரைத் தாராளமாக வாங்குவேன். திருட்டுத்தனமாக நம்பர் அடித்த காரை எந்த விலைக்கும் தொட மாட்டேன். நம்பரில் பொய் சொன்னவர் வெல்டிங்கில் உண்மை சொல்லியிருப்பார் என்று எதை வைத்து நம்புவது?

கேள்வி: 1961 கார், 'ஃபிளாட் ஃப்ளோர்', பானெட் பூட்டு வெளியே இருக்கிறது. இதற்குக் கூடுதல் விலை நியாயமா?

உண்மையாக இருந்தால் நியாயம்தான். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமானபோது ஈ-டைப்பின் பானெட்டை வெளியிலிருந்து ஒரு தனிச் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும். சுமார் முதல் 500 கார்களுக்குப் பிறகு பூட்டு உள்ளே போய்விட்டது. 'ஃபிளாட் ஃப்ளோர்' என்பது பள்ளமில்லாத சமமான தரை. கால் வைக்கும் இடத்தில் தரையைப் பள்ளமாக்கியது 1962 தொடக்கத்தில். உயரமானவர்களுக்கு முட்டி இடித்ததால் வந்த மாற்றம் அது.

இவற்றைப் பின்னால் செய்து சேர்க்கவும் முடியும். அதனால் முதலில் நம்பரைப் பாருங்கள். வலதுபக்க ஸ்டியரிங் திறந்த கார் 850001 முதல், மூடிய கூபே 860001 முதல். இடதுபக்கம் என்றால் 875001, 885001. தொடக்கத்திலிருந்து எத்தனையாவது கார் என்று நம்பரே சொல்லிவிடும். அடுத்தது பானெட். மிக ஆரம்பக் கார்களில் காற்றுத் துளை வரிசைகள் தனித் தகடாகச் செய்து பற்றவைக்கப்பட்டன, பிறகுதான் பானெட்டோடு சேர்த்தே அச்சிட்டார்கள். பானெட்டைத் தூக்கி உள்பக்கம் பார்த்தால் அந்த இணைப்பு தெரியும். வெளியே பூட்டும் உள்ளே பிற்கால பானெட்டும் இருந்தால் பின்னால் ஜோடித்ததாக இருக்கலாம், விளக்கம் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து வலதுபக்க ஸ்டியரிங்காக மாற்றிய கார் வாங்கினால் தப்பா?

தப்பே இல்லை. ஈ-டைப்புகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போனது, வறண்ட மாநிலங்களில் இருந்தவை துரு குறைவாகத் திரும்பியிருக்கின்றன. நம்பரில் எல்லாம் தெரியும்: 3.8க்குப் பிறகு வந்த 4.2 லிட்டர் திறந்த காரில் 1ஈ1001 என்று தொடங்கும் வரிசை வலது, 1ஈ10001 என்று தொடங்குவது இடது. ஆனால் பிரிட்டனில் முதலிலிருந்தே வலதுபக்கமாகத் தயாரான காரின் விலையை இதற்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஆஸ்டின்-ஹீலி 100எம் என்று ஒரு கார் வருகிறது. பானெட்டில் தோல் வார், காற்றுத் துளைகள், பெரிய கார்புரேட்டர், எல்லாம் இருக்கிறது. போதாதா?

போதாது. 100எம் என்பது சாதாரண 100 காரின் சக்தி கூட்டிய வகை. ஹீலியில் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 'லெ மான் கிட்' என்ற பெயரில் அந்தச் சாமான்களை அன்றைக்கே டீலர்கள் சாதாரண 100 கார்களில் பூட்டிக் கொடுத்தார்கள், இன்றும் பூட்டுகிறார்கள். தொழிற்சாலையிலேயே 100எம் ஆகத் தயாரானவை 640 மட்டும். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தரும் ஹெரிடேஜ் சான்றிதழ் இல்லாமல் அந்த விலை பேசவே கூடாது.

சான்றிதழ் இருந்தாலும் காரைத் தடவிப் பாருங்கள். ஹீலிக்கு பாடி கட்டியது வெஸ்ட் பிராம்விச்சில் ஜென்சன் நிறுவனம். கையால் பொருத்திச் சரிசெய்த தகடுகள் என்பதால், அடுத்த காருக்கு மாறிப் போகாமலிருக்க பானெட், டிக்கி மூடி, காக்பிட்டைச் சுற்றியுள்ள அலுமினியப் பட்டை ஆகியவற்றின் மறைவான பக்கத்தில் பாடி நம்பரை அடித்தார்கள். ரீஸ்டோர் செய்த காரிலும் அந்த எண்கள் ஒன்றாக இருந்தால் எனக்கு உண்மையிலேயே மனசு நிறைந்துவிடும். எழுபது வருடமாக அந்தத் துண்டுகள் பிரியாமல் இருக்கின்றன என்று அர்த்தம்.

கேள்வி: எல்லா பாகமும் மாறிவிட்டால் அது அதே கார்தானா?

இந்தக் கேள்வி லண்டன் உயர்நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான் பந்தயத்தில் ஜெயித்த பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர். பந்தயத்துக்காகத் திரும்பத் திரும்பப் பிரித்துக் கட்டினார்கள், பிறகு இன்ஜினும் பாடியும்கூட மாறின. அதை 1 கோடி பவுண்டுக்குப் பேசி முடித்தவர்கள், இது அந்தக் காரே இல்லை என்று பின்வாங்கினார்கள். 1990இல் நீதிபதி ஓட்டன் தீர்ப்பு விற்றவருக்குச் சாதகமாக வந்தது. பட்டறையை விட்டுப் புறப்பட்டபோது இருந்த அதே உதிரிகள் இதில் இல்லைதான். ஆனால் மாற்றங்கள் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே காரின் வாழ்க்கைக்குள் நடந்தன, எந்தக் கட்டத்திலும் அடையாளம் அறுந்துபோகவில்லை, அந்தப் பெயருக்கு உரிமை கோர வேறு கார் கிடையாது என்றார்.

நான் எந்தக் காரைப் பார்த்தாலும் இந்த அளவுகோலைத்தான் வைக்கிறேன். உதிரி எத்தனை மாறியது என்பதை விட, ஒவ்வொன்றும் எப்போது, யார் கையில், ஏன் மாறியது என்பதற்குப் பில், படம், கடிதம் இருக்கிறதா என்பதே எனக்குப் பெரிது. இருபது வருடம் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாமல், திடீரென்று ஒரு தகடும் ஒரு ஆக்சிலுமாக வந்து, முழுக் காராக எழுந்து நிற்பதைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

கேள்வி: அண்ணை, எம்.ஜி.பி ஒன்றுக்கு 'ஹெரிடேஜ் ஷெல்' போட்டிருக்கினமாம். வாங்கலாமோ?

ஓட்டுவதற்கு என்றால் தாராளமாக வாங்குங்கள். பழைய அச்சுகளை வைத்தே 1988 முதல் செய்துவந்த பாடி அது, துரு இல்லாத நல்ல வேலை. அசல் என்ற கணக்கில் சேராது, விலையில் அது தெரிய வேண்டும். லோட்டஸ் எலான் என்ற இன்னொரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் சேசிஸ் மாற்றியிருப்பதும் இதே மாதிரிதான், அங்கே மாற்றாத சேசிஸ் கிடைப்பதுதான் அபூர்வம்.

கேள்வி: பளபளவென்று இருக்கும் காரில் சின்னச் சின்ன அசல் பாகங்களை எப்படித் தேடுவது?

லூகாஸ் நிறுவனத்தின் மின்சாரச் சாமான்களில் தொடங்குங்கள். டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், வைப்பர் மோட்டார் ஆகியவற்றில் மாதமும் வருடமும் அடித்திருக்கும். 1962 மே மாதம் தயாரான காரில் '3 62' என்று இருந்தால் அழகு. '9 67' என்றால் மாற்றியது. டிரிப்ளெக்ஸ் கண்ணாடியில் எழுத்துகளின் பக்கத்தில் உள்ள சிறு புள்ளிகள் அது தயாரான காலத்தைக் காட்டும். 3.8 ஈ-டைப்பில் சிலிண்டர் ஹெட் தங்க நிறத்தில் இருக்க வேண்டும்.

ரீஸ்டோர் செய்பவர்களிடம் எனக்கு ஒரு பெரிய வருத்தம் உண்டு. தேதி அடித்த அந்த டைனமோவைப் பழசு என்று தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது பூட்டுகிறார்கள். கார் மின்னுகிறது, சாட்சி குப்பைக்குப் போய்விடுகிறது. ஏலத்தில் காரோடு பழைய உதிரிகள் ஒரு பெட்டியில் வருகிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள்.

கேள்வி: சான்றிதழில் ஒரு நிறம், காரில் வேறு நிறம். நம்பர் பிளேட்டும் வேறு.

நிறம் மாறியதை மறைக்கவில்லை என்றால் குற்றமில்லை. ஆனால் சிவப்பாகத் தயாரான கார் சிவப்பாகவே இருந்தால் மதிப்பு கூடும். பிரிட்டனில் பழைய பதிவு எண்ணைத் தனியாக விற்கலாம், அதற்குப் பதிலாகக் காரின் வயதுக்கு ஏற்ற வேறு எண் கொடுப்பார்கள். ஆகவே பிளேட் வேறாக இருப்பதால் மட்டும் சந்தேகப்படாதீர்கள், பழைய லாக் புக் (பதிவுப் புத்தகம்) இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: 2014க்குப் பிறகு ஜாகுவாரே கட்டிய லைட்வெயிட் ஈ-டைப் அசலா?

அறுபதுகளில் பந்தயத்துக்காக எடை குறைத்த 18 லைட்வெயிட் கார்களுக்குத் திட்டமிட்டு 12தான் கட்டினார்கள். மீதி ஆறையும் அதே வரிசையின் சேசிஸ் நம்பரோடு ஜாகுவார் பிற்பாடு கட்டியது. ஜாகுவார் கட்டிய கார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அறுபதுகளில் கட்டிய அந்த 12இல் ஒன்றுக்கு இருக்கும் வரலாறு அதற்குக் கிடையாது. கேட்டலாகில் தயாரான வருடம் தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குரிய விலையைக் கேளுங்கள்.